அம்மா போடுற டிக்கை நம்பலாமா?

குடியாத்தம் அம்மா:
பையனுக்கு 9 வயசு, டூஷேன் தசைச்சிதைவு, தசை வருஷா வருஷம் பலம் இழக்கற நோய். 6 மாசத்துக்கு ஒரு தடவை வேலூருக்கு இட்டுக்கினு போறேன். இந்தத் தடவை ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. படி ஏற முடியுமா, தரையிலேருந்து எழ முடியுமா, எவ்ளோ தூரம் நடப்பான்னு. பக்கத்துல இருந்தவர், "இதெல்லாம் சும்மா, ஆஸ்பத்திரியில நடக்க விட்டு வாட்ச் வெச்சு எடுக்கறதுதான் கணக்கு"ன்னார். வயிறு எரிஞ்சுது. 2 பஸ் மாறி வந்த புள்ள 6 நிமிஷத்துல நடந்த தூரம்தான் அவன் நடையா? 365 நாளும் பார்க்கறவ நான். என் பேச்சுக்கு மதிப்பு இல்லையா?

காட்பாடி பிசியோ:
வருத்தம் புரியுதும்மா. ஆனா நான் வாட்ச் பக்கம்தான். பிள்ளையைச் செய்யச் சொல்லி நாங்க நேர்ல பார்த்து மார்க் போடற நார்த் ஸ்டார் அளவீட்டுல 17 வேலை இருக்கு. சாதாரணமா செஞ்சா 2, யார் உதவியும் இல்லாம ஆனா வேற விதமா சமாளிச்சு செஞ்சா 1, முடியலன்னா 0. மொத்தம் 34. தொடையில கை ஊனி எழுந்தா 1தான், யார் பார்த்தாலும். கேள்வித்தாள்ல அப்படியா? அதே எழறதுக்கு ஒரு அம்மா "சுலபம்"னு போடுவாங்க, இன்னொருத்தர் "ரொம்பக் கஷ்டம்"னு போடுவாங்க. ஸ்டீராய்டு மருந்து பலன் தருதான்னு பார்க்கற இடத்துல ஆசையும் பயமும் கலந்த பதிலை வெச்சு என்ன பண்றது?

ஆம்பூர் அப்பா:
சார், அந்த 17 வேலையும் நடக்கற பிள்ளைக்கு. என் பெரியவனுக்கு 12 வயசுல நடை நின்னுது. அதோட உங்க அளவீட்டுல அவன் பூஜ்யம். ஆனா வீட்ல நாற்காலியிலேருந்து கட்டிலுக்குப் பலகை போட்டு அவனே நகர்ந்து போவான். ஒரு வருஷத்துல அதுவும் போச்சு. முதல்ல பலகையைப் பிடிக்கச் சொன்னான், அப்புறம் இடுப்பைத் தள்ளச் சொன்னான், கடைசியில "தூக்குப்பா"ன்னான். இந்த இறக்கம் எந்த வாட்ச்ல இருக்கு?

காட்பாடி பிசியோ:
கைக்குத் தனி அளவீடு உண்டு சார். ஆனா கட்டிலுக்கு மாறுற விஷயம் வீட்லதான் தெரியும், ஒத்துக்கறேன். என் சண்டை கேள்வியோட. "ஏற முடியுமா"ங்கறது வேற, "ஏறுறானா"ங்கறது வேற. முதல்லது அவன் தெம்பு, ரெண்டாவது அவன் அன்னாடம் செய்யறது. "போன 7 நாள்ல உதவி இல்லாம ஏறினானா"ன்னு கேட்டாத்தான் பதில்ல ஏதாவது நிக்கும்.

குடியாத்தம் அம்மா:
அங்கதான் சார் எனக்குப் பேனா நின்னுச்சு. எங்க வாசல்ல 3 படி, கருங்கல்லு, பிடிக்க ஒண்ணும் இல்ல. ஸ்கூல்ல கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஏறிடறான். வீட்ல ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கறாரேன்னு நானே தூக்கிடறேன். "முடியும்"னு போட்டேன். பொய்யில்ல.

ராணிப்பேட்டை 21:
அக்கா, கோச்சுக்காதீங்க. எனக்கும் டூஷேன், சக்கர நாற்காலிதான். எனக்கு 15 வயசு இருக்கும்போது எங்கம்மா இதே மாதிரி ஒரு தாள்ல "படுக்கையில் தானாகத் திரும்புவான்"னு போட்டாங்க. அவங்களும் பொய் சொல்லல. ராத்திரிக்கு 3 தடவை அவங்கதான் என்னைப் புரட்டி விடுவாங்க. போர்வையை இழுத்து விடற மாதிரி, அது உதவின்னே அவங்களுக்குத் தெரியல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என்னை யாரும் கேக்கல.

ஆம்பூர் அப்பா:
தம்பி, இதை வீட்ல படிச்சுக் காட்டினேன். என் வீட்டுக்காரி எழுந்து உள்ள போயிட்டா.

காட்பாடி பிசியோ:
இதுக்குத்தான் வாட்ச்னு சொல்ல வந்தேன். ஆனா ராத்திரி 2 மணிக்கு நான் எங்கேருந்து வாட்ச் பிடிக்கறது. தம்பி சொல்றதைப் பார்த்தா பிள்ளைக்குன்னு தனித்தாள் வேணும்.

குடியாத்தம் அம்மா:
நேத்து முழுக்க அவனுக்கு எத்தனை தடவை கை கொடுத்தேன்னு காலண்டர் பின்னாடி கோடு போட்டுக்கினே வந்தேன். 9 கோடு. ராத்திரி அவன்கிட்ட கேட்டா, "14மா"ங்கறான். பாயிலேருந்து எழும்போது இடுப்புல கை வெச்சேனாம், சட்டை மாட்டும்போது தோளைப் பிடிச்சேனாம். எனக்கு நினைப்பே இல்ல. அடுத்த தடவை தாள் கொடுத்தா அவன் சொல்லச் சொல்ல நான் எழுதப் போறேன்.