சட்டை போட்டாலே அழுகிறான், என்ன துணி வாங்கலாம்?

என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் உண்டு. பள்ளிச் சட்டை போட்டதும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகிறான். லேபிளை வெட்டினேன், வெட்டிய முனை இன்னும் மோசமாகக் குத்துகிறது. பழைய பனியனோடு மட்டும் நிம்மதியாக இருக்கிறான். வீட்டில் அடம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பதில் 1:
அடம் இல்லைங்க. எனக்கு 34 வயது, இன்றும் இப்படித்தான். தையல் ஓரம் பட்டால் ஊசி குத்துவது போல இருக்கும், வேறு எதிலும் மனம் போகாது. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே இந்தப் புலன் கூச்சத்தை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. லேபிளை வெட்டாமல் தையலைப் பிரித்து எடுங்கள். பனியனை உள்பக்கம் வெளியே வருகிறமாதிரி திருப்பிப் போட்டு, அதன்மேல் சட்டை. புதுத்துணியின் விறைப்பு போக நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் நான் உடுத்துவேன். அப்புறம், அவனையே துணியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பதில் 2:
நான் தையற்காரி. பள்ளியில் அனுமதி கேட்டு, அதே நிறத்தில் முழுப்பருத்தித் துணி எடுத்துத் தையுங்கள். காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸ் துணி வேண்டாம். ஓவர்லாக் (துணி ஓரத்தை நூலால் சுற்றித் தைப்பது) போடாமல், பிசிறு உள்ளே மறைய மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பனியனைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இன்று மதியம்வரை சட்டையைக் கழற்றவில்லை!