எக்ஸ்ரே படிக்கும் ஏஐ: மலையில் உங்கள் அனுபவம் என்ன?

குன்னூரிலிருந்து:

இங்கே ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் 11 வருஷமாக ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்தும் படங்கள் நெட்டில் வரும். ஏஐ வந்தால் எங்கள் வேலை என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் எனக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேதான் ஞாபகம் வருகிறது.

போன மழைக்காலம், கரன்ட் போய்ப் போய் வந்த ஒரு நாள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் தேங்கிக் கிடந்த படங்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், விடாத இருமல். நார்மல் என்று டைப் செய்துவிட்டேன். புதிதாகப் போட்டிருந்த சாஃப்ட்வேர் இதய நிழலுக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டிருந்தது. பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டை மாற்றிப் பார்த்தால், இருக்கிறது, நெல்லிக்காய் அளவுக்கு. இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடு என்பது எம்.டி. முதல் வருஷப் பாடம். தெரிந்தும் அன்றைக்கு நான் தேடவில்லை. கோவையில் சி.டி. எடுத்ததில் கட்டி உறுதியானது, ஆபரேஷன் செய்கிற நிலையிலேயே பிடித்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2016-இல் ஏஐ ஆராய்ச்சியின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரம் மிஞ்சிவிடும் என்றார். அந்த ஐந்து வருஷம் எப்போதோ கடந்துவிட்டது, பி.ஜி. கவுன்சலிங்கில் முதலில் தீரும் இடங்களில் இன்றும் ரேடியாலஜி இருக்கிறது. படத்தைப் பார்த்துச் சொல்கிற வேலையை மட்டும் அவர் கணக்கில் எடுத்தார் என்று நினைக்கிறேன். நம் ஊரில் எங்கள் பாதி நாள் அல்ட்ராசவுண்டில் போகிறது, ஜெல் தடவி, புரோபை அழுத்தி, "இங்க வலிக்குதாம்மா" என்று கேட்டுக் கேட்டுத் தேடுகிற வேலை அது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆய்வின் முதல் முடிவு 2023-இல் வந்தது. ஏஐ சேர்ந்ததும் டாக்டர்கள் படம் படிக்கிற வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனால் ஆயிரக்கணக்கில் நார்மல் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் கண் பழகியது, அந்தப் படங்களை மெஷின் எடுத்துக்கொண்டால் அடுத்து வருகிறவர்கள் எதில் பழகுவார்கள்? என்னிடம் வரும் ஜூனியர்களிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: உன் கருத்தை முதலில் எழுது, அப்புறம் ஏஐயைத் திற.

கோத்தகிரியிலிருந்து:

மேடம், நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். காசநோய் முகாமுக்காகக் கையில் தூக்கிப் போகிற மெஷினோடு எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகிறோம். அங்கே படம் படிக்க டாக்டர் ஏது, ஏஐதான் மார்க் போடும், சந்தேகமான இடத்தைச் சிவப்பாகக் காட்டும். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இப்படிப் பயன்படுத்தலாம் என்று 2021-இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

ஒரு அக்கா கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்தார், மழையில் நனைந்திருந்தார். படம் எடுத்ததும் வலது நுரையீரலின் மேல்பக்கம் செக்கச்செவேல் என்று காட்டியது. டிபி வழக்கமாகப் பிடிக்கிற இடம் அது. கூட வந்தவர் சளிப் பரிசோதனை டப்பாவில் பெயர் எழுதவே ஆரம்பித்துவிட்டார், அந்த அக்காவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அந்த நிழலில் கயிறு முறுக்கின மாதிரி ஏதோ தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஈரச் சடை தோளுக்கு முன்னால் விழுந்து கிடக்கிறது! "அக்கா, சடையைத் தூக்கி உச்சியில கொண்டை போட்டுக்குங்க" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். சிவப்பே இல்லை. லைனில் ஒரு வீட்டுக்கு டிபி என்று பேச்சு வந்துவிட்டால் எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார், மேடம்.

டெக்னீஷியன் வேலை போய்விடும் என்கிறார்கள். எனக்கு வேலை கூடித்தான் இருக்கிறது. மெஷின் சொன்னது சரியா என்று அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கிடைத்த பயிற்சி அரை நாள்தான். சம்பளம் பழைய சம்பளமே.

குன்னூரிலிருந்து:

தம்பி, அந்த ரெண்டு படத்தையும் அழித்துவிடாதீங்க. பேர், விவரம் எல்லாம் எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்க. சனிக்கிழமை ஜூனியர்களிடம் முதல் படத்தை மட்டும், அந்தச் சிவப்போடு காட்டி, என்ன ரிப்போர்ட் எழுதுவீங்க என்று கேட்கப் போகிறேன்.