பாசி மாத்திரை போட்டால் நோரோ வைரஸ் ஓடிவிடுமா?

நுண்நோக்கி:
நேற்று நீலக்கடல் ஒரு பதிவு போட்டிருக்கிறார். பழுப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் ஃபியூகாய்டன் என்ற பொருள் நோரோ வைரஸை "அழித்துவிடும்", தினமும் ஒரு மாத்திரை போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கிட்டவே வராது என்று. கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. எனக்கு ஒரே ஒரு கேள்வி. 2017இல் ஜப்பானில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோரோ வந்து படுத்தார்களே, எதிலிருந்து பரவியது? நறுக்கிய உலர் நோரி. நோரி என்றால் கடற்பாசி. வைரஸைக் கொல்லும் என்று நீங்கள் சொல்லும் பாசி, அதே வைரஸுக்குப் பல்லக்குத் தூக்கியது எப்படி?

நீலக்கடல்:
நான் மாத்திரை விற்பவன் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை எளிமையாகச் சொன்னேன், அவ்வளவுதான். உங்களுக்கு இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே ஒவ்வாமை.

அலையாத்தி:
நோரி சிவப்புப் பாசி. ஃபியூகாய்டன் இருப்பது பழுப்புப் பாசியில். 1913இல் ஸ்வீடன் தாவரவியலாளர் கைலின் முதலில் அதைப் பிரித்தெடுத்ததும் பழுப்புப் பாசியில் இருந்துதான். பாசி என்று பெயர் இருப்பதால் இரண்டும் பங்காளிகள் ஆகிவிடாது. பரிணாமத்தில் பார்த்தால் சிவப்புப் பாசி ஒரு மரத்துக்கு நெருக்கமான சொந்தம், பழுப்புப் பாசிக்குத்தான் தூரம்.

சங்கதி இதுதான். நோரோ குடல் செல்லில் ஒட்டுவதற்கு அங்குள்ள ரத்தவகைச் சர்க்கரைகளை, அதாவது நம் ரத்தவகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளைப் பிடித்துக்கொள்கிறது. அதில் முக்கியமானது ஃபியூக்கோஸ். அந்தச் சர்க்கரையைக் குடல் பரப்பில் கொண்டுவந்து வைக்கும் எஃப்.யு.டி.2 மரபணு வேலை செய்யாதவர்களை நோரோவின் பல வகைகள் தொடுவதே இல்லை. ஐரோப்பியரில் சுமார் ஐந்தில் ஒருவர் அப்படி. தாய்ப்பாலில் உள்ள ஃபியூக்கோஸ் சர்க்கரை ஒன்று வைரஸின் புரத உறையில் அதே பள்ளத்தில் போய் உட்காருவதைப் படிகப் படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஃபியூகாய்டன் என்பது பெரும்பாலும் ஃபியூக்கோஸால் ஆன நீண்ட சங்கிலி. வைரஸ் செல்லைப் பிடிக்கும் முன் இது குறுக்கே வந்து நிற்கும் என்பதுதான் யோசனை.

நுண்நோக்கி:
சரி தம்பி, பாடம் நடத்தியதற்கு நன்றி. "குறுக்கே நிற்கும்" என்கிறீர்கள். நீலக்கடல் "அழிக்கும்" என்கிறார். முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். அப்புறம் நோரி. ஃபியூகாய்டன் போலவே அதிலும் போர்ஃபிரான் என்ற சல்ஃபேட் சர்க்கரை உண்டு. போன மாதம் வேறொரு இழையில் சல்ஃபேட் சர்க்கரை எல்லாமே வைரஸுக்கு எதிரி என்று எழுதியது யார்? நோரியில் அது எங்கே போனது?

அலையாத்தி:
நான் தம்பி இல்லை, பெண். பெயருக்குக் கீழேயே இருக்கிறது.

உலர்ந்த தாளுக்குள் கிடக்கும் சர்க்கரை வெளியே ஒட்டியிருக்கும் வைரஸை என்ன செய்யும்? கரைசலில் இருந்தால்தான் மூலக்கூறு வைரஸைச் சுற்றிவர முடியும். நோரியில் வைரஸ் ஏறியதும் வேலை செய்தவர் வெறுங்கையால் தொட்டதால்தான். கை செய்த தப்புக்குப் பாசி மேல் வழக்கா?

நுண்நோக்கி:
கை தொட்டது தொடக்கம் மட்டும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அந்த வைரஸ் நோரியில் சௌக்கியமாக இருந்திருக்கிறது. சாப்பிட்டவர்களின் வாயிலும் வயிற்றிலும் ஈரம் இல்லையா? அங்கே கரைந்து குறுக்கே நின்றிருக்க வேண்டியதுதானே, அம்மணி?

சும்மாவந்தேன்:
மருந்து பற்றிய இழை என்று வந்தேன். நோரி வழக்குமன்றமா இது?

இரண்டாம்கருத்து:
நோயாளியை எல்லாரும் மறந்தாயிற்று. நோரோ தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும், பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று நாளில் தானாக விட்டுவிடும். வாந்தி ஆரம்பித்த பிறகு, ஒட்டுவதைத் தடுக்கும் பொருளுக்கு அங்கே என்ன வேலை? அதற்குள் வைரஸ் ஒட்டி, உள்ளே போய், பெருகியும் முடித்திருக்கும். அப்போது காப்பாற்றுவது உப்பு-சர்க்கரைக் கரைசல். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்காவது 2006 முதல் நல்ல தடுப்பூசிகள் இருக்கின்றன. நோரோவுக்கு ஊசியும் இல்லை, அதற்கென்று மருந்தும் இல்லை. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஆல்கஹால் ஜெல்லும் சரியாக எடுபடாது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நீலக்கடல்:
அதனால்தானே முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறேன்! கப்பலிலோ முதியோர் இல்லத்திலோ ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு அன்றைக்கே கொடுக்கலாம். பெரிய மூலக்கூறு, ரத்தத்தில் அதிகம் சேராது என்று குறை சொல்வார்கள். குடலில் வரும் நோய்க்கு மருந்து குடலில் நிற்பது குறையா?

கடல்நாகம்:
ஸ்பைருலினாவை ஏன் யாரும் பேசவில்லை? அதுவும் பாசிதான்.

நுண்நோக்கி:
அது பாக்டீரியா. அடுத்து.

நீலக்கடல், உங்கள் "ஆய்வுக்கூடத்தில் பார்த்தது" என்ன வைரஸ் என்று சொல்லவே இல்லையே, நான் சொல்கிறேன். மனித நோரோவை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பெரும்பாடு. 1968இல் அமெரிக்காவின் நார்வாக் நகரப் பள்ளியில் பரவியது, 1972இல் மின்நுண்ணோக்கியில் கண்டார்கள், ஆனால் குடல் திசு உருண்டைகளில் ஒழுங்காக வளர்க்க 2016 ஆனது. அதுவரை ஆளுக்குப் பதில் ஆள்: நோரோவின் குடும்பத்தைச் சேர்ந்த பூனை கலிசிவைரஸ், எலி நோரோ. பூனை வைரஸ் பூனைக்கு வாய்ப்புண்ணும் சளியும் தரும், அது குடல் நோயே இல்லை. எலி நோரோ செல்லுக்குள் நுழையப் பிடிப்பது ஒரு புரதத்தை, அம்மணி சொன்ன ரத்தவகைச் சர்க்கரையை அல்ல. அப்படியானால் அதை ஃபியூகாய்டன் தடுத்தது என்று காட்டினால், ஃபியூக்கோஸ் கதைக்கு அது சாட்சியா, எதிர்சாட்சியா?

இன்னொன்று. சிவப்புப் பாசியின் கேரஜீனன் ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி.யைத் தடுத்தது. அதை ஜெல் ஆக்கித் தென்னாப்பிரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. பாதுகாப்பானது, பலன் இல்லை. குடுவையில் ஜெயித்ததெல்லாம் உடம்பில் ஜெயிக்காது. நோரி சொன்னதும் அதையேதான்.

அலையாத்தி:
எச்.ஐ.வி. எப்போது வயிற்று வைரஸ் ஆனது? சிவப்பு, பழுப்பு என்று நான் பிரித்தால் கிண்டல். நீங்கள் மட்டும் சிவப்புப் பாசியின் வேறு சரக்கை, வேறு வைரஸுக்கு, வேறு இடத்தில் போட்ட சோதனையைக் கொண்டுவந்து தீர்ப்பு எழுதலாம். மூன்றாவது முறை சொல்கிறேன், நோரியில் ஃபியூகாய்டன் இல்லை. எக்லோனியா காவா என்ற பழுப்புப் பாசியில் உள்ள ஃப்ளோரோடானின்கள் என்ற பொருள்களை 2013இல் பன்றிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் கொரோனா வைரஸ் மேல் பார்த்தார்கள், செல்களில் தடுத்தன. அதையும் படியுங்கள்.

நுண்நோக்கி:
பூனை, எலி, இப்போது பன்றி. விலங்குக் காட்சிசாலையே வந்துவிட்டது, மனிதர் மட்டும் வரிசையில் இல்லை. நான்காவது முறை கேட்கிறேன், நோரியில் போர்ஃபிரான் ஏன் உதவவில்லை?

சும்மாவந்தேன்:
நோரிக்குத் தனி இழை திறந்துவிடலாம், பாவம்.

இரண்டாம்கருத்து:
நீலக்கடலுக்கு ஒரு கேள்வி. ஃபியூகாய்டனுக்கு ஹெபாரின் மருந்து மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உண்டு. முதியோர் இல்லத்தில் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கும் அன்றைக்கே கொடுப்பீர்களா?

நீலக்கடல்:
இயற்கையான பொருள், பக்கவிளைவு கிடையாது.

அலையாத்தி:
ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள். எந்தப் பாசி, எந்தப் பருவத்தில் அறுத்தது, எப்படிப் பிரித்தது என்பதைப் பொறுத்து ஃபியூகாய்டனின் குணமே மாறும். இவ்வளவு நேரம் நான் மல்லுக்கு நின்றது உங்கள் மாத்திரைக்காக இல்லை.

நீலக்கடல்:
நீங்கள் யார் பக்கம் என்பதே புரியவில்லை.

நுண்நோக்கி:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன், உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள் என்று.

அலையாத்தி:
உங்களோடு சேர்ந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். பொறிமுறை பற்றி நான் சொன்ன ஒரு வரிக்குக்கூட நீங்கள் பதில் எழுதவில்லை.

நீலக்கடல்:
போதும். நான் தனியாக வேறு இழை திறக்கிறேன். ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அங்கே வாருங்கள்.

நுண்நோக்கி:
எனக்கு ஆர்வம் நிறையவே இருக்கிறது. இணைப்பைப் போடுங்கள்.