டைம்.டைம்() கழித்தால் மைனஸ் வருமா, வராதா?

தாமிரபரணி
நேற்று "ஜாங்கோ ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது" திரியில் (ஜாங்கோ, பைதானில் வெப்சைட் கட்டும் கருவி) ஒருநொடி என்ற பெயரில் எழுதுபவர் சொன்னதை அப்படியே ஒட்டுகிறேன்: "புரோகிராமில் எந்தப் பகுதி நேரம் தின்கிறது என்று பார்க்க, மேலே ஒரு டைம்.டைம்(), கீழே ஒரு டைம்.டைம்(), கழித்தால் முடிந்தது. பெர்ஃப்_கவுண்டர் எல்லாம் இன்டர்வியூவில் பந்தா காட்டுவதற்கு." இதற்கு லைக் வேறு குவிந்து கிடக்கிறது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் தனித் திரி.

ஐயா, பைதானின் டைம்.டைம்() சொல்வது கணினியின் மணி. அந்த மணியை நெட்வொர்க் வழியே ஒத்துப்பார்க்கும் என்டிபி திருத்தும், அட்மின் மாற்றுவார், விர்ச்சுவல் மெஷினை நிறுத்தி எழுப்பினால் தாவும். இரண்டு அழைப்புக்கு நடுவே கடிகாரம் பின்னால் போனால் கழித்தலில் மைனஸ் வரும். சிஸ்டம் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தால் முன்பு தந்ததைவிடக் குறைந்த எண்ணைத் தரலாம் என்று பைதான் ஆவணமே எச்சரிக்கிறது. 2012-இல் 3.3 பதிப்பில் பெர்ஃப்_கவுண்டர் வந்தது இடைவெளியை அளக்கத்தான், பந்தாவுக்கு இல்லை.

ஒருநொடி
என் பெயரில் திரி திறந்ததற்கு நன்றி. இலவச விளம்பரம்.

மைனஸ் வருமாம்! எங்கள் சர்வரில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் இதே முறையில்தான் நேரம் எழுதுகிறோம். லாகில் இன்றுவரை ஒரு மைனஸ் கிடையாது. ஒன்றே ஒன்று கூட. வந்ததைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

புதியவன்22
ஒரு சந்தேகம். நேரம் என்று இங்கே சொல்வது கடிகாரத்தில் ஓடிய நேரமா, சிபியு உழைத்த நேரமா? நடுவில் ஸ்லீப் போட்டு (புரோகிராமைச் சும்மா காத்திருக்க வைத்து) பார்த்தால் பெர்ஃப்_கவுண்டர் ஒன்று சொல்கிறது, பிராசஸ்_டைம் வேறு ஒன்று சொல்கிறது. முதலில் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா?

கர்னல்காரன்
இரண்டு பேருமே அரைகுறை. ஆனால் மைனஸ் வரும்.

2017 ஜனவரி 1, நமக்குக் காலை 5.30. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் ஒரு விநாடி கூட்டுவார்களே, அந்த லீப் செகண்ட் சேர்த்த நேரம். கிளவுட்ஃப்ளேர் கம்பெனியின் டிஎன்எஸ் சேவையில் (வெப்சைட் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) ஒரு பகுதி படுத்துவிட்டது. கோ மொழியில் எழுதிய புரோகிராம். இரண்டு தடவை நேரம் எடுத்துக் கழித்தது, விடை மைனஸ். அந்த மைனஸ் போய் ரேண்டம் எண் தரும் ஃபங்ஷனுக்குள் விழ, அது பேனிக் ஆனது, அதாவது பிழை என்று கைவிரித்தது. சரிசெய்யத் தேவைப்பட்டது ஒரே எழுத்து: பூஜ்யமா என்று கேட்ட இடத்தில், பூஜ்யமோ அதற்குக் கீழோ என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த கோ 1.9-இல் நேரம் தரும் டைம்.நவ்-க்குள்ளேயே மோனோடோனிக் கடிகாரத்தையும் (பின்னால் போகவே போகாதது) சேர்த்துவிட்டார்கள். கோ உருவாக்கியவர்களுக்கே பாடம் தேவைப்பட்டிருக்கிறது. ஒருநொடி அவர்களுக்குத்தான் தேவைப்படவில்லை போலும்.

ஒருநொடி
லீப் செகண்ட்! இதற்குத்தான் காத்திருந்தேன். 2016 டிசம்பர் 31-இல் போட்டதுதான் கடைசி, அதற்குப் பிறகு ஒன்றும் சேர்க்கவில்லை. 2035-க்குள் அந்த வழக்கத்தையே விட்டுவிடுவது என்று 2022-இல் எடை அளவு மாநாட்டில் தீர்மானமும் போட்டாயிற்று. சாகப்போகிற ஒரு விஷயத்தை வைத்து என் லாகுக்கு ஜாதகம் பார்க்கிறீர்கள். என் லாகில் மைனஸ் இல்லை. இதுவரை யாரும் காட்டவும் இல்லை.

கர்னல்காரன்
லீப் செகண்ட் ஓர் உதாரணம். உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எப்படி?

என்டிபி வேலையைச் செய்யும் என்டிபிடி என்ற புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா? கடிகாரம் 128 மில்லி விநாடிக்குள் தவறியிருந்தால் மெல்ல மெல்ல இழுத்துச் சரிசெய்யும். இழுக்கும் வேகம் அதிகபட்சம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500), அதாவது ஒரு விநாடிக்கு அரை மில்லி விநாடி. அதற்கு மேல் தவறியிருந்து, கொஞ்ச நேரம் பொறுத்தும் அப்படியே நின்றால், ஒரே தாவு. முன்னாலும் தாவும், பின்னாலும் தாவும். பின்னால் தாவும் கணத்தில் உங்கள் இரண்டு டைம்.டைம்() நடுவே அது விழுந்தால் மைனஸ்.

தாமிரபரணியும் ரொம்பத் துள்ள வேண்டாம். லினக்ஸில் பெர்ஃப்_கவுண்டருக்கு அடியில் இருப்பது கிளாக்_மோனோடோனிக். அது தாவாது, பின்னால் போகாது, சரி. ஆனால் என்டிபி இழுக்கும்போது அதுவும் சேர்ந்து இழுபடும். இழுபடாதது மோனோடோனிக்_ரா மட்டும். இதையெல்லாம் 2019-லேயே இங்கே எழுதியாயிற்று, படிக்கத்தான் ஆள் இல்லை.

தாமிரபரணி
இழுபடட்டுமே! 40 மில்லி விநாடி ஓடும் பகுதியில் 500 பிபிஎம் என்றால் 0.02 மில்லி விநாடி. அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். நான் கேட்பது மைனஸைப் பற்றி. மைனஸ் வருமா, வராதா? ஒருநொடி அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

ஒருநொடி
சொல்லிவிட்டேன். வராது. வந்ததில்லை.

டெஸ்டிங்அக்கா
விண்டோஸில் எனக்கு மைனஸ் வரவில்லை, அதைவிடக் கேவலமாகப் பூஜ்யம் வந்தது. அங்கே டைம்.டைம்() ரொம்ப காலமாக 15.6 மில்லி விநாடிக்கு ஒரு தடவைதான் நகரும். ஆறு மில்லி விநாடி ஓடும் ஃபங்ஷனை அளந்தால் ஒரு ரன்னில் 0.0, அடுத்த ரன்னில் 0.0156. எங்கள் டெவலப்பர் 0.0 வந்த ரன்னைப் படம் பிடித்து டிக்கெட்டில் ஒட்டி, "ஆப்டிமைஸ் செய்தாயிற்று" என்று மூடிவிட்டார். பைதான் 3.13-இல்தான் இதை ஒரு மைக்ரோ விநாடிக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிப்பில் இருப்பவர்கள் இன்னும் அதே 15.6-இல்தான்.

ஒருநொடி
அக்காவே சொல்லிவிட்டார்: "மைனஸ் வரவில்லை." நன்றி அக்கா.

டெஸ்டிங்அக்கா
தம்பி, முழுதாகப் படித்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.

கர்னல்காரன்
விண்டோஸ் கதைக்குத் தனித் திரி போடலாம், இங்கே வேண்டாம். அங்கே சி மொழியின் கிளாக்() கூடக் கடிகார நேரத்தைத்தான் தரும், லினக்ஸில் சிபியு நேரத்தைத் தரும். அதே பெயர், அதே ஃபங்ஷன், இரண்டு அர்த்தம். பைதானின் பழைய டைம்.கிளாக்()குக்கும் அதே வியாதி, 3.8-இல் தூக்கி எறிந்தார்கள். விண்டோஸில் அளந்து பழகியவர்களோடு பேசினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த ஒரு திரி போதும்.

டெஸ்டிங்அக்கா
எங்கள் வாடிக்கையாளர்கள் விண்டோஸில்தான் ஓட்டுகிறார்கள், சார். உங்கள் கர்னலில் வந்து யாரும் பில் போடுவதில்லை.

டென்சர்தாசன்
நீங்கள் எந்த டைமர் போட்டாலும் ஜிபியு வேலையை அளந்தால் எல்லாம் பொய். கூடா கர்னலை (ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷனை) அனுப்பியதும் பைதான் அடுத்த வரிக்குப் போய்விடும், வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். டார்ச்.கூடா.சிங்க்ரனைஸ்() போட்டு, ஜிபியு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு டைமரை நிறுத்தினால்தான் உண்மை தெரியும்.

கர்னல்காரன்
வந்துவிட்டார். சோறு வடிப்பது பற்றித் திரி போட்டாலும் அதில் வந்து ஜிபியு என்பார்.

டென்சர்தாசன்
கர்னல் என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களுடைய லினக்ஸ் கர்னல் என்று நினைத்துப் பாய்ந்துவிட்டீர்கள். நான் சொன்னது வேறு கர்னல்.

தாமிரபரணி
நடந்ததைச் சொல்கிறேன், எல்லோரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள். முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் இரவு ஓடும் பில்லிங் வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே கீழே டைம்.டைம்(). ஒரு நாள் லாகில் இப்படி:

தரவு வாசிப்பு: 2.208 வி
வரி கணக்கீடு: -0.413 வி
பிடிஎஃப்: 11.970 வி

விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள், கடிகாரம் முன்னால் போய்விட்டது, வரி கணக்கீடு ஓடும்போது என்டிபி பின்னால் தள்ளியது. இதில் கூத்து என்னவென்றால் யாரும் கவனிக்கவில்லை. அந்த எண்ணும் சேர்ந்தே மாதச் சராசரி போட்டு, வரி கணக்கீடு வேகமாகிவிட்டது என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். போதுமா?

ஒருநொடி
ஸ்கிரீன்ஷாட் இல்லாத கதை. வேறு யாரோ கம்பெனி, வேறு யாரோ சர்வர். நான் பேசுவது என் லாகைப் பற்றி. இப்போதுதான் மூன்று மாத லாகையும் தேடினேன். மைனஸ் குறி: பூஜ்யம். பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்னல்காரன்
பார்க்கிறேன், வேறு இடத்தில். போன வருடம் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் திரியில் உங்கள் மிடில்வேர் (ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் நடுவே ஓடும் கோடு) முழுவதையும் ஒட்டியிருந்தீர்கள். அதில் லாக் எழுதும் வரி இது:

எடுத்த_நேரம் = மேக்ஸ்(0, முடிவு - தொடக்கம்)

அப்படியென்றால் மைனஸ் எப்படித் தெரியும்? வந்தாலும் பூஜ்யமாகத்தான் எழுதும். வாசலை அடைத்துவிட்டு யாருமே வரவில்லை என்கிறீர்கள்.

தாமிரபரணி
ஹா ஹா ஹா. லாகில் எத்தனை 0.0 இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருநொடி
அந்த மேக்ஸ் ஒரு பாதுகாப்புக்குப் போட்டது. நல்ல புரோகிராமர் யாரானாலும் போடுவார்.

தாமிரபரணி
எதிலிருந்து பாதுகாப்பு? வரவே வராத மைனஸிலிருந்தா?

ஒருநொடி
நான் சொன்னது "லாகில் மைனஸ் இல்லை" என்று. இல்லை. இன்றும் இல்லை. என் வாக்கியம் சரி. நீங்கள் வாக்கியத்தை மாற்றுகிறீர்கள். ஒருவருடைய பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டு வருவதற்குப் பெயர் விவாதம் இல்லை.

புதியவன்22
சிபியு நேரமா, கடிகார நேரமா என்று கேட்டிருந்தேன்...

கர்னல்காரன்
தம்பி, நிற்கவும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், டைம்.டைம்() தருவது மிதவைப் புள்ளி எண் (புள்ளி வைத்த எண், இத்தனை இலக்கம்தான் தாங்கும்). 1970-இலிருந்து எண்ணி வந்த விநாடி இப்போது நூற்று எழுபது கோடியைத் தாண்டிவிட்டதால், 64 பிட்டில் அதற்கு மேல் ஒட்டும் மிகச் சின்னத் துண்டே சுமார் 238 நானோ விநாடி. அதற்குக் கீழே இருப்பது எல்லாம் உதிர்ந்துவிடும். 3.7-இல் டைம்_என்எஸ், பெர்ஃப்_கவுண்டர்_என்எஸ் வந்தது எதற்கு? முழு எண்ணாக வாங்கிக்கொள்ளத்தான். மைனஸ் வராவிட்டாலும் உங்கள் முறை நொண்டிதான்.

ஒருநொடி
"மைனஸ் வராவிட்டாலும்." எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், கர்னல்காரனே எழுதியது.

கர்னல்காரன்
"வராவிட்டாலும்" என்றால் வராது என்று அர்த்தமா? ஐந்தாம் வகுப்புத் தமிழ்.

ஒருநொடி
போன வருட இன்டெக்ஸ் திரியை நீங்கள்தானே இழுத்தீர்கள். அதில் நீங்கள் கொடுத்த யோசனையைக் கேட்டு என் டேட்டாபேஸ் ஒரு ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தது. அதை முதலில் பேசலாமா?

கர்னல்காரன்
தாராளமாக. நான் சொன்னது டேபிளின் மூன்று நெடுவரிசைக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ், அதுவும் ட்ராஃபிக் இல்லாத நேரத்தில். நீங்கள் போட்டது தனித்தனியாக மூன்று, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. பன்னிரண்டு என்று சொன்னதும் உங்கள் டைம்.டைம்()தானே?

டெஸ்டிங்அக்கா
அந்தத் திரியில் விண்டோஸ்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு மறக்கவில்லை, சார்.