முடிச்சுப் போட்டுத் தொடங்கினால் என்ன தப்பு?

ஊசிக்காது: 14 கவுண்ட் ஐடா துணியில் (அங்குலத்துக்கு 14 கட்டம் இருக்கும் துணி) இரண்டு இழை வைத்து கிராஸ் ஸ்டிட்சில், அதாவது பெருக்கல் குறி போன்ற தையலில், மயில் போடுகிறேன். எனக்குத் தையல் சொல்லித்தந்த டீச்சர் நூல் நுனியில் முடிச்சுப் போட்டுத்தான் தொடங்குவார். இங்கே முடிச்சு என்றாலே எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள், ஏன்?

நீலநூல்: ஐடாவில் கட்டத்துக்குக் கட்டம் ஓட்டை இருக்கிறதே, சின்ன முடிச்சு அதில் நழுவி முன்பக்கம் வந்துவிடும், வராமலிருக்கப் பெரிதாகப் போட்டால் பிரேம் போட அட்டையில் இழுத்துக் கட்டும்போது புடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு இழைக்கு வளைய முறையே போதும். கண்டிலிருக்கும் ஆறு இழையில் ஒன்றை மட்டும் உருவி, ஒரு மீட்டர் போல வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து குத்தி மேலே வாருங்கள், பின்பக்கம் வளையம் கொஞ்சம் நிற்கட்டும். முதல் அரைத் தையல் (பெருக்கல் குறியின் ஒரு கோடு) முடிந்து ஊசி கீழே இறங்கியதும் அதை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மறைக்க வேண்டிய நூல் வாலே (மிஞ்சி நிற்கும் நுனியே) கிடையாது.

தையல்அக்கா: சுவரில் மாட்டுகிறவர்கள் பேச்சு இது. நான் போடுவதெல்லாம் தலையணை உறை. பின்பக்கம் மேடாக இருந்தால் யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்?

நீலநூல்: அக்கா, துவைக்கிற துணியில்தான் முடிச்சை நம்பவே கூடாது. அது அவிழ்ந்தால் அந்த வரிசையே தளர்ந்துவிடும். வாலை நாலைந்து தையலுக்கு அடியில் ஓட்டி, கடைசித் தையலை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் அதே வழியில் கொண்டுவந்தால் உராய்விலேயே பிடித்துக்கொள்ளும்.

தையல்அக்கா: சரி, நாலைந்து தையலே இல்லாத இடத்தில்? மயிலின் கண் ஒற்றைக் கறுப்புக் கட்டம், சுற்றிலும் வெள்ளை. கறுப்பு வாலை வெள்ளைக்கு அடியில் ஓட்டிப் பாருங்கள், முன்பக்கம் சாம்பல் கோடு தெரியும்.

கட்டம்போட்டவன்: அப்புறம் வளைய முறை இரட்டைப்படை இழைக்குத்தான். ஒற்றை இழைக்கு ஆகாது, இரண்டு நிறத்தைச் சேர்த்துக் கோக்கும்போதும் ஆகாது. ஷேடட் நூலை (ஒரே நூலில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு போவது) மடித்தால் ஒரு பாதியில் கருநீலம் வரும் இடத்தில் மறு பாதியில் வெளிர்நீலம் வந்து ஷேடே கலங்கிப்போகும்.

ஊசிக்காது: ஐயோ, மயிலின் கழுத்துக்கு ஷேடட் நூல்தான் வாங்கி வைத்திருக்கிறேன்!

கட்டம்போட்டவன்: அதற்கு வேஸ்ட் நாட், அதாவது பிறகு வெட்டி எறியும் தற்காலிக முடிச்சு, போடுங்கள் சகோ. முடிச்சு முன்பக்கம் இருக்கட்டும், தையல் போகும் திசையிலேயே ஒரு அங்குலம் தள்ளி. பின்னால் கிடக்கும் நூலை உங்கள் தையல்களே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும். முடிச்சை நெருங்கியதும் கத்தரித்துவிடலாம்.

தையல்அக்கா: வெட்டி எறியத்தான் போகிறோம் என்றாலும் கடைசியில் முடிச்சுதானே! கண்ணுக்கு என்ன செய்வதென்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

நீலநூல்: சொல்கிறேன். மொட்டை ஊசியை வைத்துவிட்டுக் கூரான ஊசி எடுங்கள். அந்தக் கட்டத்தின் நடுவிலேயே மேலிருந்து குத்தி இறக்கி, துணியின் ஓரிரு இழையை மட்டும் பிடித்து இரண்டு பொடித் தையல் போட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள். அதன் மேலேயே கறுப்புத் தையலைப் போட்டால் மூடிவிடும். முடிக்கும்போது மட்டும் வாலைப் பக்கத்துத் தையலுக்கு நீட்டாமல், அதே கண்ணின் பின்பக்கத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வெட்டுங்கள்.

தையல்அக்கா: ஒரு கட்டத்துக்கு இவ்வளவு வேலையா? நான் முடிச்சே போட்டுக்கொள்கிறேன்.