'என்ட்ராப்' என்ற வினைக்குத் தமிழ்: தூண்டிற்படுத்து?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குற்றம் செய்ய எண்ணாதவரை அதிகாரிகளே தூண்டிச் சிக்கவைப்பதைச் சட்டத்தில் குறிக்கும் 'என்ட்ராப்' என்ற ஆங்கில வினைக்குப் 'பொறிவைத்துப் பிடித்தல்' போதும் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தத் தொடரை நம் செய்தித்தாள்கள் வெறும் 'ட்ராப்' என்பதற்கே வழங்கி வருகின்றன. லஞ்சம் கேட்ட அலுவலரிடம், பினாப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைப் புகார்தாரர் நீட்டுகிறார். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் நீர் இளஞ்சிவப்பாகிறது. பணம் கேட்டவர் அலுவலர்தான். ஆசையை எவரும் ஊட்டவில்லை.

'என்ட்ராப்' வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932-இல் தீர்ப்பளித்த சாரெல்ஸ் வழக்கில், மதுவிலக்கு அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பயணிபோல் வட கரோலினாவில் சாரெல்ஸின் வீட்டுக்குச் சென்று, இருவரும் முதல் உலகப் போரில் ஒரே படைப்பிரிவில் (டிவிஷனில்) இருந்த பழங்கதையைப் பேசியபடியே மது கேட்டார். இல்லையென்றவரை விடாமல் மீண்டும் மீண்டும் கேட்கவே, அவர் வெளியே போய் அரை காலன் விஸ்கி கொண்டுவந்து 5 டாலருக்குக் கொடுத்தார். குற்ற எண்ணத்தை அதிகாரியே விதைத்தார் என்ற வாதத்தை ஜூரியின் முன் வைக்க இடமுண்டு என்று நீதிமன்றம் கூறியது. நம் உச்ச நீதிமன்றமும் 1956-இல் ராம்ஜனம் சிங் வழக்கில், குற்றம் செய்யத் துடிப்பவனுக்கு வாய்ப்புக் காட்டுவதும், வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டவனை உசுப்பிவிடுவதும் வேறுவேறு என்று பிரித்துக் காட்டியது.

எனவே 'தூண்டிற்படுத்து' என்பதை முன்வைக்கிறேன். தூண்டில் என்ற சொல்லுக்குள்ளேயே தூண்டு என்ற வினை இருக்கிறது. இரையும் முள்ளும் சேர்ந்தே வருகின்றன. 931-ஆம் குறளில் 'தூண்டிற்பொன்' என்ற ஆட்சி இருப்பதால் இந்தப் புணர்ச்சியும் செயற்கையாக ஒலிக்காது. பொறியைப் பொறியியலார் எடுத்துக்கொண்டு வெகுகாலமாயிற்று. கண்ணி என்றாலோ இன்று வெடிதான் நினைவுக்கு வருகிறது.

கான்கிரீட்டில் அடைபடும் காற்றுக்கும் இதே ஆங்கில வினை வரும். அங்கே தூண்டுவார் எவருமில்லை. 'சிக்கிய காற்று' என்றே விட்டுவிடலாம்.

சொல் நீளம் என்ற தடை எழக்கூடும். 'தூண்டிற்படுத்தப்பட்டார்' என்று இழுக்க வேண்டியதில்லை. வலைப்பட்டார் என்பதுபோல் 'தூண்டிற்பட்டார்' என்று எழுதினால் போதும்.