வளைவில் கூடவே திரும்பும் ஹெட்லைட்: நம் பக்கத்து இரவுச் சாலை அனுபவங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் ஹெட்லைட்டைப் பற்றி விற்பவர்கள் நிறையச் சொல்கிறார்கள். வாங்கி ஓட்டுகிறவர்கள் சொல்வதுதான் குறைவு. நம் கடலூர், புதுச்சேரிச் சாலைகளில் அது எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்று அனுபவப்பட்டவர்கள் எழுதினால் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்கிவைக்கிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய செடான். செனான் வாயு விளக்கு, முன்னால் லென்ஸ் வைத்த ப்ரொஜெக்டர் வகை, வளைவுக்கு ஏற்பத் திரும்பும். வேலை பண்ருட்டியில் என்பதால் நெல்லிக்குப்பம் வழியாகப் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவேன். கரும்பு வெட்டு மாதங்களில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்கள், பின்னால் ஒரு சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரோ இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஓரத்தில் நிற்கும். நேர்ச்சாலையில் நின்றால் எந்தக் காரின் விளக்கிலும் தெரிந்துவிடும். வளைவுக்குள் நின்றால்தான் ஆபத்து. போன சீசனில் அப்படி ஒன்று இடப்பக்க வளைவில், மரத்தடி இருட்டில் நின்றது. ஸ்டீயரிங்கை ஒடிக்க ஆரம்பித்ததுமே வெளிச்சம் இடப்பக்கம் நகர்ந்தது. சக்கரத்தின் ரிம் முதலில் பளிச்சென்று தெரிந்தது, அப்புறம் மேலே கரும்பு. பிரேக் பிடித்து நிற்கப் போதுமான இடம் இருந்தது. முன்பு வைத்திருந்த காரில் அதே இடத்தில் வெளிச்சம் எதிர்ப்பக்க வயலுக்குள்தான் போகும்.

ஏன் வயலுக்குள் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவின் ஆரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் மூக்கு நீட்டியிருக்கும் திசையில் 40 மீட்டர் தள்ளிப் பார்த்தால், சாலை அதற்குள் பக்கவாட்டில் சுமார் 8 மீட்டர் விலகிப் போயிருக்கும். சாதாரண இருவழிச் சாலையின் தார் அகலமே 7 மீட்டர்தான். தாழ்த்தி எரியும் லோ பீமின் ஓரத்தில் சிதறும் வெளிச்சம் கொஞ்சம் சாலையில் விழும். நடுவில் இருக்கும் பலமான வெளிச்சமோ சாலையை விட்டே போய்விடும். அதைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவர விளக்கை 11, 12 டிகிரி திருப்பினால் போதும். இந்த வகை விளக்குகள் பெரும்பாலும் 15 டிகிரி அளவுக்குத் திரும்பும்படி இருப்பது இந்தக் கணக்கோடு பொருந்திப்போகிறது.

திரும்புவது கண்ணாடி மூடியோ முழு ஹெட்லைட்டோ இல்லை. உள்ளே இருக்கும் ப்ரொஜெக்டர் மட்டும், ஒரு சின்ன மோட்டாரால் திரும்புகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்ல ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. ஸ்டீயரிங் எத்தனை டிகிரி ஒடிந்திருக்கிறது, சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது, வண்டியின் உடம்பு ஒரு நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்ற மூன்று தகவலும் அதற்குப் போகின்றன. இவற்றில் பலவும் வழுக்கலில் வண்டியை நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி சிஸ்டத்துக்காக ஏற்கெனவே காரில் இருக்கும் சென்சார்கள்தான். வேகத்தை அந்தத் திரும்பும் வீதத்தால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைத்துவிடும். ஆரம் தெரிந்தால் விளக்கின் கோணத்தையும் கணக்கிட்டுவிடலாம். நொடிக்குப் பலமுறை இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பொதுவாக ரிவர்ஸ் கியரில் விளக்கு திரும்பாது. இரவில் வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் வெளிச்சம் ஒருமுறை கீழே போய் மேலே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மோட்டார் தன்னைச் சோதித்துக்கொள்வது, கோளாறு இல்லை.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்த விளக்கு வளைவைப் பார்த்துத் திரும்புவதில்லை, நம் கையைப் பார்த்துத்தான் திரும்புகிறது. சாலை வளைந்திருந்தாலும் நாம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்வரை வெளிச்சம் நேராகவே இருக்கும். வளைவின் வாசலில் அது பழைய ஹெட்லைட்தான். வரைபடத்தை வைத்து வளைவை முன்கூட்டியே கணக்கில் எடுக்கும் விலை உயர்ந்த கார்கள் சில இருக்கின்றன. நம்மில் பெரும்பாலானவர்கள் ஓட்டுவது அதை இல்லை. அதனால் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பது இந்த விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

புதுச்சேரி உருளையன்பேட்டையிலிருந்து, டாக்ஸி ஓட்டுநர்:

மஞ்சக்குப்பம் சார் சொன்னது சரி. என் வண்டியில் அந்தத் திரும்பும் ப்ரொஜெக்டர் கிடையாது. அதன் விலை குறைந்த தம்பி இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டாலோ ஸ்டீயரிங்கை நிறைய ஒடித்தாலோ அந்தப் பக்கத்து ஃபாக் லேம்ப் மட்டும் தனியாக எரியும். எதுவும் நகராது. பக்கவாட்டில் பார்த்தபடி நிலையாக இருக்கும் விளக்கு, குறைந்த வேகத்தில் மட்டும் எரிகிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி 500 2011இல் வந்தபோது ஹெட்லைட்டுக்குள்ளேயே இப்படி ஒரு நிலையான வளைவு விளக்கு இருந்தது. இப்போது நடுத்தர விலைக் கார்கள் பலவற்றில் ஃபாக் லேம்ப் அந்த வேலையைச் செய்கிறது.

புதுச்சேரி நகரத்துக்குள் இதுதான் அதிகம் உதவுகிறது என்பேன். இங்கே வீதிகள் கட்டம் போட்ட மாதிரி, ஒன்றை ஒன்று செங்கோணத்தில் வெட்டும். மிஷன் வீதியிலிருந்து ஒரு குறுக்கு வீதிக்குள் திரும்ப வேண்டும் என்றால் 90 டிகிரி. 15 டிகிரி திரும்பும் விளக்கு அங்கே எந்த மூலைக்குப் போதும்? பக்கத்து விளக்கு எரிந்தால் முனையில் நிறுத்தியிருக்கும் பைக், திண்ணையை விட்டு இறங்கும் பெரியவர், படுத்திருக்கும் நாய் எல்லாம் தெரிகிறது. ராத்திரியில் பெரிய வாய்க்கால் ஓரமாகத் திரும்பும்போது இது இல்லாமல் நான் ஓட்ட விரும்ப மாட்டேன்.

ஈசிஆர் கதை வேறு. ஆகஸ்ட் மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் சென்னைப் பக்கமிருந்து மரக்காணம், காலாப்பட்டு வழியாக இரவு முழுக்க வருவார்கள். 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற வேகம். காவித்துணி இருட்டில் தாமதமாகத்தான் கண்ணில் படும். மாதா சுரூபம் வைத்த வண்டிக்கு மட்டும் விளக்கு இருக்கும், பின்னால் நடப்பவர்களுக்கு இருக்காது. ஒருமுறை மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஒரு வாடிக்கையாளரின் காரை ஓட்டினேன், அதில் சார் சொன்ன திரும்பும் விளக்கு இருந்தது. வலப்பக்கம் லேசாக வளையும் இடங்களில் எதிர் ஓரத்தில் நடந்து வருபவர்களின் கால்கள் நன்றாக முன்பே தெரிந்தன. அவர்கள் முகத்துக்கு நேராக வெளிச்சம் ஏறவில்லை, இடுப்புக்குக் கீழேதான் விழுந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஹை பீம் போட்டு நடப்பவர்களின் கண்ணைக் கூச வைக்காமலே அவர்களைப் பார்க்க முடிகிறது.

கடலூர் முதுநகரிலிருந்து, ஆட்டோ எலெக்ட்ரிசியன்:

டாக்ஸி அண்ணன் முகத்துக்கு ஏறவில்லை என்று சொன்னதற்கு வேறொரு சென்சாரும் காரணம். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. காரின் அடியில், சக்கரத்தோடு ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் ஆர்மோடு லிங்க் ராடு என்ற ஒரு சின்னக் கம்பியில் மாட்டியிருக்கும். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் மூட்டை வைத்தால் வண்டியின் பின்பக்கம் தாழும், மூக்கு தூக்கும், வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணுக்குப் போகும். இந்த சென்சார் தாழ்ந்ததைச் சொல்லும், விளக்கு தானாகக் குனிந்துகொள்ளும். செனான் விளக்கு சாதாரண ஹாலஜன் பல்பை விட மிகவும் பிரகாசம் என்பதால் இப்படித் தானாகச் சமன்செய்யும் ஏற்பாடு அதற்கு அவசியம்.

நம் ஊரில் இதற்கு எதிரி உப்புக்காற்று. சில்வர் பீச், தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டு வாசலில் நிறுத்தும் வண்டிகளில் லிங்க் ராடின் பந்து மூட்டு துருப்பிடித்து இறுகிவிடும், சில சமயம் ஒடிந்தே போகும். டேஷ்போர்டில் ஹெட்லைட் எச்சரிக்கை எரியும். விளக்கு பாதுகாப்புக்காகக் கீழே குனிந்து நின்றுவிடும். ஓட்டுகிறவர்கள் பல்பு போய்விட்டது என்று நினைத்து என்னிடம் வருவார்கள். பல்பில் எதுவும் இருக்காது. ஒரு ராடு மாற்றினால் சரியாகிவிடும். அதற்குப் போய் முழு ஹெட்லைட் செட்டையே மாற்றச் சொன்ன இடங்களும் உண்டு. இடத்தின் பெயர் வேண்டாம். வாசகர்கள் முதலில் ஸ்கேனர் போட்டு என்ன பிழைக் குறியீடு வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியில் கரையேறியபோது நின்ற தண்ணீரில் மூழ்கிய கார்கள் நிறைய. ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்ததைத் துடைத்தால் போதும் என்று பலர் விட்டுவிட்டார்கள். உள்ளே இருக்கும் மோட்டாரின் கனெக்டரில் பச்சைத் துரு பிடித்து, சில மாதம் கழித்து ஒரு பக்க விளக்கு மட்டும் திரும்பாமல் நின்றது. வெள்ளத்தில் நின்ற கார் வாங்குகிறவர்கள் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? இருட்டில், சுவரைப் பார்த்து ஒரு பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், லோ பீம் எரியட்டும். ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்கள், சுவரில் இரண்டு வெளிச்சமும் நகர்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் நின்றபடி இருந்தால் திரும்பாது, வண்டி உருள வேண்டும். அப்போது காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வீல் அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீயரிங் நேராக இருப்பது எது என்று சென்சாருக்குச் சொல்லித்தர வேண்டும். அந்தக் காலிப்ரேஷனை விட்டுவிட்டால் நேர்ச்சாலையிலேயே வெளிச்சம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். செனான் விளக்கைக் கையால் கழற்றாதீர்கள், பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:

எலெக்ட்ரிசியன் அண்ணனுக்கு நன்றி, எங்கள் வீட்டுக் காருக்கும் அந்த எச்சரிக்கைதான் எரிகிறது. நான் பழைய கதை ஒன்றைச் சேர்க்கிறேன்.

என் பெரியப்பா பிரான்ஸில் இருக்கிறார். போன முறை போயிருந்தபோது பழைய கார்கள் அணிவகுக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சிட்ரோவன் டி.எஸ். நின்றது. 1955இல் வந்த மாடல், 1967இல் முகத்தை மாற்றி நான்கு விளக்கு வைத்தார்கள். வண்டிக்காரர் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் உள்பக்க விளக்குகள் இரண்டும் கூடவே திரும்பின, 80 டிகிரி வரை திரும்புமாம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கம்பி இழுத்து இணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் அப்போது இதை அனுமதிக்கவில்லை, அங்கே போன கார்களில் விளக்கு அசையாது. இதற்கும் முன்னால் 1948இல் அமெரிக்காவிலேயே டக்கர் என்ற கார் நடுவில் மூன்றாவது கண் வைத்து அதைத் திருப்பியிருக்கிறது. இந்த யோசனை நம் தாத்தா காலத்தது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கம்பிக்கு ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியும், வேகம் தெரியாது. இப்போதைய விளக்கின் முன்னேற்றம் அங்கேதான் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஐயா, எனக்கு ஒரு கேள்வி. எல்இடி மேட்ரிக்ஸ் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அதுவும் திரும்புமா? என் பட்ஜெட்டில் எதுவுமே இல்லாத கார்தான் கிடைக்கும் போலிருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

தம்பி, மேட்ரிக்ஸில் பெரும்பாலும் மோட்டாருக்கு வேலை இல்லை. பல எல்இடிகளை வரிசையாக வைத்து, எது எரிய வேண்டும், எது மங்க வேண்டும் என்று தனித்தனியாகக் கட்டுப்படுத்துவார்கள். 2013இல் ஆடி ஏ8 காரில் ஒரு விளக்குக்கு 25 எல்இடி வைத்து வந்தது. வளைவில் வெளிச்சத்தின் மையத்தை ஒரு பக்கத்து எல்இடிகளுக்கு மாற்றிவிடும். முன்கண்ணாடியில் உள்ள கேமரா எதிரில் வரும் வண்டியைப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் இருட்டாக்கும். கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவுக்கும் காலிப்ரேஷன் வேண்டும்.

எதுவும் இல்லாத காருக்குச் சொல்கிறேன். ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு குமிழ் இருக்கும், பலர் அதைத் தொட்டதே இல்லை. நீ மட்டும் ஓட்டினால் 0. பின்னால் ஆளும் சுமையும் ஏறினால் எண்ணைக் கூட்டு, வெளிச்சம் இறங்கும். மஞ்சளாகிப்போன ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் செய்தாலே வித்தியாசம் தெரியும். ஹாலஜன் விளக்கில் கடைக்காரர் திணிக்கும் எல்இடி பல்பை மாட்டாதே. அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைக்காக அளந்து செய்தது, வேறு பல்பு போட்டால் வெளிச்சம் சிதறி எதிரில் வருபவருக்குக் கண் கூசும், உனக்கும் தூரம் குறையும்.

திரும்பும் விளக்கு உள்ள கார் வாங்கும் யோசனை இருந்தால் டெஸ்ட் டிரைவை இரவு ஏழு மணிக்கு மேல் கேள். பகலில் ஓட்டி இதைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. கேப்பர் மலை ஏறி இறங்கிப் பார். பக்கவாட்டு வளைவில் விளக்கு உதவும், மேடு ஏறி உச்சியில் சாலை கீழே இறங்கும் இடத்தில் உதவாது, வெளிச்சம் ஆகாயத்துக்குத்தான் போகும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். ஷோரூமில் மறுத்தால் நம் எலெக்ட்ரிசியன் தம்பியிடம் கேட்டுப் பார், அவரிடம் வரும் வண்டிக்காரர் யாராவது காட்டுவார்.